மண்டபம் முகாமும் மருதானைக் கந்தோரும்

2020 பெப்ரவரி 27ஆம் திகதி, வியாழக்கிழமை. மருதானையில் நான் கணக்கு எழுதிய வெளிநாட்டு வேலைவாய்ப்புக் கந்தோருக்குக் கீழ் மாடியில் ஓர் உம்ரா ஏஜன்சி இருந்தது. அன்று பகல் அங்கே ஒரே சத்தம். இறங்கிப் போய்ப் பார்த்தேன். வெளிநாட்டவர் உம்ராவுக்கு வருவதைச் சவூதி அரசு நிறுத்திவிட்டது என்ற செய்தி வந்திருந்தது. பயணப் பையோடு வந்திருந்த வயதானவர்கள் யாரும் காசைத் திருப்பித் தா என்று கேட்கவில்லை. "எப்ப திரும்பத் தொறப்பாங்க?" என்றுதான் கேட்டார்கள். மேலே வந்து முதலாளியிடம் சொன்னேன். அவர் கணக்குப் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே, "அது உம்ராக்காரர்ட பிரச்சின. வீட்டு வேலைக்கு ஆள் எடுக்காம அரபிக்கு இருக்க ஏலுமா?" என்றார்.

ஒரு வாரம்தான் கடந்தது. மார்ச் 7இலிருந்து குவைத் எங்கள் நாடு உட்பட ஏழு நாடுகளுடனான விமானங்களை நிறுத்தியது. 9ஆம் திகதி கட்டார் பதினான்கு நாட்டவர் உள்ளே வருவதைத் தடுத்தது, அந்தப் பட்டியலிலும் இலங்கை இருந்தது. 15ஆம் திகதி சவூதி எல்லாச் சர்வதேச விமானங்களையும் நிறுத்தியது. 19ஆம் திகதி கட்டுநாயக்கவுக்கு வரும் விமானங்கள் நின்றன. 20ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம். எங்கள் கந்தோரைப் பூட்டும்போது இரும்பு அலுமாரிச் சாவியை முதலாளி என்னிடம்தான் தந்தார். "கொஞ்ச நாள்தானே, உங்கட கையில இருக்கட்டும்" என்றார். அந்த அலுமாரிக்குள் 41 கடவுச்சீட்டுகள் இருந்தன.

இந்தக் கட்டுரை அந்த அலுமாரியைப் பற்றியது என்றும் சொல்லலாம். ஆள் அனுப்பும் தொழிலைப் பற்றி நமது சமூகத்தில் எழுதப்பட்டவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ஏஜன்சிக்காரனைத் திட்டுவது. மற்றது, பத்திரிகையில் அவன் காசு கொடுத்துப் போடும் விளம்பரம். இரண்டுமே கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பதில்லை. நான் அந்தத் தொழிலின் உப்பைத் தின்றவன், ஆகையால் என் பார்வையில் கோணல் இருக்கும். வாசகர்கள் அதைக் கழித்துவிட்டு வாசித்துக்கொள்ளட்டும்.

முதலில் காசு எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லவேண்டும். அது விளங்காமல் பெருந்தொற்று இந்தத் தொழிலை எந்த இடத்தில் பிடித்தது என்பது விளங்காது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் ஆண் காசு கட்டிப் போகிறான். வீட்டுப் பணிப்பெண்ணோ காசு வாங்கிப் போகிறாள். சவூதியிலோ குவைத்திலோ உள்ள முகவர் நிலையம், ஒரு பெண்ணுக்கு இத்தனை டொலர் என்று நமது கந்தோருக்குத் தரும். அந்தக் காசிலிருந்துதான் ஊரில் ஆள் பிடித்துத் தரும் சப் ஏஜன்டின் கொமிசன், மெடிக்கல், பயிற்சி, பணியகப் பதிவு எல்லாம் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கும் முன்பணம். மிஞ்சுவது முதலாளிக்கு. பெண் அங்கே போய் மூன்று மாதத்துக்குள் 'ஏலாது' என்று திரும்பினால் வேறொருத்தியை அனுப்பவேண்டும், அல்லது வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

ஆக, பெண் விமானம் ஏறும் முன்னரே காசு செலவாகிவிடும். அவள் ஏறி, இறங்கி, மூன்று மாதம் நின்ற பிறகுதான் அந்தக் காசு உண்மையில் எங்களுடையதாகும். இடைப்பட்ட காலம் முழுவதும் எல்லோரும் அடுத்தவன் காசில் நிற்கிறோம். இதற்கிடையில் ஒவ்வொரு தாளுக்கும் ஓர் ஆயுள். மெடிக்கல் ரிப்போட்டுக்குச் சில மாதம், விசாவுக்குச் சில மாதம், பொலிஸ் ரிப்போட்டுக்கு இன்னும் கொஞ்சம். எல்லாத் தாளும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும் அந்தச் சில வாரங்களுக்குள் ஆளை ஏற்றிவிடவேண்டும். தொழிலின் சாமர்த்தியம் முழுவதும் அதில்தான்.

2020 மார்ச்சில் எல்லாத் தாள்களும் ஒன்றாகச் செத்துப்போயின. ஏப்ரலில் ரியாத்திலிருந்து வட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் வரத் தொடங்கின. வீட்டுக்காரர்கள் கட்டிய காசைத் திருப்பிக் கேட்கிறார்களாம், ஆகவே நாங்களும் திருப்பித் தரவேண்டுமாம். முதலாளியிடம் காசு இல்லை, அது மூதூரிலும் கிண்ணியாவிலும் புத்தளத்திலும் தகரமாகவும் சீமெந்தாகவும் மாறியிருந்தது. கந்தோர் வாடகையும், ஏழு பேரின் சம்பளமும், வருடாந்தம் புதுப்பிக்கவேண்டிய உரிமமும், வங்கி உத்தரவாதமும் மட்டும் எந்தக் கொரோனாவுக்கும் நிற்கவில்லை.

அந்த ஊரடங்கு நாட்களில் வீட்டில் சும்மா இருக்கமுடியாமல், எப்போதோ சேர்த்து வைத்திருந்த மலையகத் தொழிலாளர் வரலாற்று நூல்களை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். பொழுதுபோக்காக எடுத்ததுதான். ஆனால் வாசிக்க வாசிக்க, எங்கள் கந்தோரை வேறு உடையில் பார்ப்பதுபோல் இருந்தது.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவந்தவன் கங்காணி. அவன் அந்நியனல்ல, அதே ஊரவன், பல வேளைகளில் அதே சாதி, உறவு. தோட்டத்துரையிடமிருந்து முன்பணம் வாங்கி ஊருக்குப் போவான். அங்கே கடனை அடைக்க, பயணச் செலவுக்கு, ஒரு கலியாணத்துக்கு என்று அதைப் பிரித்துக் கொடுத்து ஆட்களைக் கூட்டி வருவான். கொடுத்ததெல்லாம் ஆளின் பெயரில் கடனாக ஏறும். நமது ஊர் சப் ஏஜன்டும் அந்த ஊரவனே. மச்சான் முறை, மாமி முறை என்று வீட்டுக்குள் போய்ப் பேசக்கூடியவன். மருதானையில் இருக்கும் முதலாளியை எந்தப் பெண்ணும் நம்பியதில்லை. அவள் நம்பியது சப் ஏஜன்டை.

கங்காணி கூட்டி வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் காட்டுப் பாதையில் நடந்தார்கள். வழியில் கொலராவும் அம்மையும் காய்ச்சலும் அவர்களைத் தின்றன. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் அன்றும் சண்டை, இன்றும் ஆய்வாளர்களிடையே சண்டை. வழியோரக் கிராமத்தவர்கள் அவர்களை நோய் கொண்டுவருபவர்களாகப் பார்த்துப் பயந்து ஒதுங்கினார்கள் என்பதில் சண்டையில்லை. நட்டம் யாருக்கு என்ற கேள்விக்கும் கணக்கில் பதில் இருந்தது. வழியில் செத்தவனின் முன்பணத்தைக் கங்காணி கூட்டத்தில் மிஞ்சியவர்கள் தலையில், முதலில் செத்தவனின் உறவுகள் தலையில், ஏற்றப் பார்ப்பான். ஏற்ற முடியாதபோது அவனே மூழ்குவான். கடனில் மூழ்கிய கங்காணிகளும் நிறையப் பேர்.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. இலங்கை அரசு விழித்துக்கொண்டது. அதன் பின் வந்த ஆண்டுகளில் வடக்குப் பாதை மூடப்பட்டு, ஆட்கள் தூத்துக்குடி–கொழும்பு வழியாகத் திருப்பிவிடப்பட்டார்கள். தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் ஒரு முகாம், இங்கே ராகமையில் ஒரு முகாம். ராகமை முகாம் போயர் யுத்தக் கைதிகளையும் அடைத்துவைத்த இடம், இன்று அங்கே போதனா வைத்தியசாலை நிற்கிறது. ஆள் திரட்டும் வேலையை ஒழுங்குபடுத்தவென்று தோட்டக்காரர்கள் 1904இல் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தை நிறுவினார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் தலைமைக் கந்தோர். வரும் ஆளின் கழுத்தில் தோட்ட எண் பொறித்த தகர வில்லை ஒன்று தொங்கும். அதைக் காட்டினால் வழியெல்லாம் பயணமும் சாப்பாடும் கிடைக்கும், பில் தோட்டத்துக்குப் போகும். ஆள் எந்தத் தோட்டத்துக்குரிய சரக்கு என்பதும் யாருக்கும் தெரிந்துவிடும்.

1914 இரண்டு காரணங்களால் முக்கியமான வருடம். ஜனவரியில் கொழும்பிலேயே பிளேக் வந்துவிட்டது. பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. ரயில், கப்பல், மீண்டும் ரயில் என்று பயணம் சுருங்கிவிட்டது. அதற்கேற்ப மண்டபம் முகாம் பெரிதாயிற்று. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. தோட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரு வாரம் அங்கே தங்கவேண்டும். அம்மைப்பால் குத்துவார்கள், கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுப்பார்கள், உடுப்புகளை ஆவியில் போட்டு எடுப்பார்கள், பெயர் பதிவார்கள். பின்னர் அகதிகளின் காலத்தில் 'மண்டபம் கேம்ப்' என்ற பெயர் நமக்கு வேறு அர்த்தத்தில் அறிமுகமானது, ஆனால் வேலி பழையது.

அந்த வேலிக்கு இரண்டு வேலை இருந்தது என்பது என் கணிப்பு. நோய் வெளியே போகாமல் காத்தது ஒன்று. ஆள் வெளியே போகாமல் காத்தது மற்றது. முன்பணம் வாங்கிய ஒருவன் மனம் மாறி ஊருக்குத் திரும்பவோ, வேறொரு கங்காணி அவனை இழுத்துக்கொண்டு போகவோ முகாமுக்குள் இடமில்லை. சுகாதார அதிகாரியும் தோட்டத்தின் ஆளும் ஒரே வாசலில் நின்றார்கள். 1918இன் கடைசி மாதங்களில் இன்ஃபுளுவென்சா வந்து லயங்களில் நெருங்கிக் கிடந்தவர்களைக் கடுமையாகத் தாக்கியபோது, மண்டபத்தில் பார்த்த பரிசோதனை எதுவும் அதைத் தடுக்கவில்லை.

தோட்டத்துக்குள் வந்த பிறகு வேலியின் இடத்தைத் துண்டு பிடித்துக்கொள்ளும். துண்டு என்பது விடுவிப்புச் சீட்டு. அதில் ஆளின் கடன் எழுதப்பட்டிருக்கும். கடனைக் கட்டினால்தான் துண்டு, துண்டு இருந்தால்தான் வேறு தோட்டம். வேறொரு துரை கடனைக் கட்டி ஆளை எடுப்பார், ஆள் கைமாறும், கடன் கூடவே போகும். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். 1922இல் இந்திய அரசு குடிபெயர்வுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1923இல் இங்கே ஒரு குடிவரவு நிதியம் உருவாக்கப்பட்டு, ஆள் திரட்டும் செலவு தோட்டக்காரர்களின் தலையில் வைக்கப்பட்டது. ஆளைக் கொண்டுவரும் செலவை ஆளிடமே அறவிடக்கூடாது என்ற விதி நமது தீவில் அப்போதே எழுதப்பட்டுவிட்டது. 1939இல் இந்தியா ஆள் அனுப்புவதையே நிறுத்திக்கொண்டது.

துண்டைப் பற்றி வாசித்த இரவு அலுமாரிச் சாவியை எடுத்துப் பார்த்தேன். நித்திரை வரவில்லை.

ஏன் என்று சொல்லவேண்டும். ஏப்ரல் நடுப்பகுதியில் மூதூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி எனக்குப் போன் எடுத்திருந்தாள். இரண்டு பிள்ளைகள், புருஷன் மீன்பிடி. மார்ச் 22ஆம் திகதிக்கு அவளுக்கு ரியாத் டிக்கட் போட்டிருந்தோம். "காக்கா, எனக்குப் போக விருப்பமில்ல. இங்க ஒண்டு நடந்தா பிள்ளயளோட கிடந்து மௌத்தாகலாம். அங்க போய் ஆரு பாக்கிற? என்ட பாஸ்போட்டத் தாங்க" என்றாள். முன்பணத்தைப் பற்றிக் கேட்டேன். "அது வீட்டுக்குக் கூரை போட்டு முடிஞ்சிபெய்த்தே. கூரையக் கழட்டியா தாற?" நான் முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். முதலாளி, "முன்பணத்தக் கொண்டு வந்து வெச்சா பாஸ்போட்டக் குடுங்க. இல்லாட்டி ஏர்போட் தொறக்கும் மட்டும் இருக்கட்டும்" என்றார். அவர் கெட்ட மனிதரல்ல. அதே வாரம் தன் வேனை விற்று எங்களுக்குப் பாதிச் சம்பளம் தந்தவர். பிடித்து வைத்த ஒவ்வொரு கடவுச்சீட்டும் அவருக்கு ரியாத்காரனிடம் காட்டக்கூடிய ஒரே பிணை. அதனால் அது அந்தப் பெண்ணின் துண்டு இல்லையென்று ஆகிவிடாது.

வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் தொழில் 1973க்குப் பின் எண்ணெய் விலை ஏறியதோடும், இங்கே 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதோடும் வளர்ந்தது. முதலில் கட்டட வேலைக்கு ஆண்கள், எண்பதுகளில் வீட்டு வேலைக்குப் பெண்கள். 1985இன் 21ஆம் இலக்கச் சட்டம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை உருவாக்கியது, 1994இன் திருத்தம் பதிவைக் கட்டாயமாக்கியது. தொண்ணூறுகளின் நடுவில் போனவர்களில் நான்கில் மூன்று பேர் பெண்கள். நமது சமூகத்துக்கு இதில் தனிக்கதை உண்டு. பெண்கள் மஹ்ரம் இல்லாமல் போவது கூடாது என்று மிம்பரில் சொல்லப்பட்டது. அதே பள்ளிவாசலின் மினாராவுக்குச் சந்தா ஜித்தாவிலிருந்தும் தம்மாமிலிருந்தும் வந்தது. இரண்டையும் நான் என் ஊரிலேயே கண்டேன், யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. வறுமை இரண்டு பக்கமும் பேசும்.

மூதூரின் றிசானா நபீக்கை இங்கே நினைக்காமல் கடக்கமுடியாது. 2005இல், பதினேழு வயதில், கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி அனுப்பப்பட்ட பிள்ளை. 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதியில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்த வயதை மாற்றியது நமது தொழில்தான். அதற்குப் பிறகு விதிகள் இறுகின. வயதெல்லை கூடியது, குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது. ஒவ்வொரு விதிக்கும் ஒரு தாள், ஒவ்வொரு தாளுக்கும் ஒரு தாமதம், ஒவ்வொரு தாமதத்துக்கும் இன்னும் கொஞ்சம் முன்பணம். நல்ல நோக்கத்தோடு வந்த விதிகள்கூட அலுமாரியைக் கனக்கச் செய்தன.

ஒரு பேரிடரை இந்தத் தொழில் முன்பும் கண்டிருக்கிறது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது அங்கே ஏறக்குறைய ஒரு இலட்சம் இலங்கையர் இருந்தார்கள். பாலைவனத்தைக் கடந்து ஜோர்தான் வழியாக வந்து சேர்ந்தவர்களின் கதைகள் எங்கள் ஊர்களில் இன்னும் உண்டு. பின்னாளில் ஐக்கிய நாடுகள் நட்டஈட்டு ஆணைக்குழு மூலம் பலருக்குக் காசும் கிடைத்தது. அப்போது தொழிலில் இருந்த மூத்தவர் ஒருவர் 2020இல் என்னிடம் சொன்னார்: "தொண்ணூறுல குவைத் பூட்டினா சவூதி தொறந்திருந்த, சவூதியில பயமெண்டா லெபனான், சைப்ரஸ். ஒரு கதவு பூட்ட மத்தக் கதவு. இப்ப எல்லாக் கதவும் பூட்டு, எங்கட கதவும் பூட்டு." யுத்தத்துக்கு ஒரு எதிரி இருந்தான், நட்டஈடு கேட்க ஒரு முகவரி இருந்தது. கொரோனாவுக்கு அது இல்லை. ஒப்பந்தங்களில் இப்படியொரு நிலைமைக்கு ஒரு வரிகூட எழுதப்பட்டிருக்கவில்லை, எங்கள் கந்தோர் ஒப்பந்தத்தில் நிச்சயமாக இல்லை. ஆகவே பேரம் பேசத் தெரிந்தவன் தப்பினான்.

போகமுடியாதவர்களின் கதை ஒரு பாதி. போனவர்களின் கதை மறு பாதி. கந்தோர்த் தொலைபேசியை என் கைத்தொலைபேசிக்கு மாற்றிவிட்டிருந்தோம். இரவு பன்னிரண்டு, ஒரு மணிக்கெல்லாம் அழைப்பு. வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, வேலை இரண்டு மடங்கு. கபீலுக்கு வேலை போய்விட்டது, நான்கு மாதமாகச் சம்பளம் இல்லை. நோன்பு காலத்தில் சஹர் வரைக்கும் அடுப்படி. ஒருத்தியை இருமல் என்று சொல்லி வெளியில் விட்டுவிட்டார்கள். ஏப்ரல் மாதம் குவைத் பொதுமன்னிப்பு அறிவித்தது. விசா இல்லாமல் இருந்தவர்கள் தண்டம் கட்டாமல் நாடு திரும்பலாம். திரும்புவதற்கு விமானம் வேண்டுமே. பதிந்தவர்கள் முகாம்களில் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். மே மாதம் அழைத்துவரப்பட்டவர்களில் பலருக்குத் தொற்று இருந்தது. உடனே சமூக ஊடகங்களில் பேச்சு மாறியது. வருடக்கணக்காக 'ரட்ட விருவோ', நாட்டின் வீரர்கள் என்று மேடைகளில் புகழப்பட்டவர்கள், ஒரு வாரத்தில் நோய் கொண்டுவருபவர்கள் ஆனார்கள். மாத்தளைப் பாதையின் ஓரத்தில் கதவடைத்த கிராமங்களை நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

எங்களால் செய்ய முடிந்தது என்ன? வெளிநாட்டமைச்சு தொடங்கிய இணையப் பதிவில் பெயரைப் போடச் சொன்னோம், சிலருக்கு நாங்களே போட்டுக் கொடுத்தோம். தூதரகத்துக்கு எழுதினோம். அங்கத்தைய முகவர் போனை எடுக்கவில்லை. சட்டப்படி அந்தப் பெண்ணுக்கு நாங்கள் பொறுப்பு. நடைமுறையில் எங்கள் அதிகாரம் ஒரு வட்ஸ்அப் எண்ணோடு முடிந்தது. கங்காணிக்காவது தன் ஆட்களோடு அதே லயத்தில் இருக்கவேண்டிய நிலை இருந்தது.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். எங்கள் மூலம் போன சாரதி ஒருவர், குருநாகல் பக்கத்துச் சிங்களவர், குவைத்தில் கொரோனாவால் இறந்தார். உடலைக் கொண்டுவர வழியில்லை, அங்கே எரிக்கவும் முடியாது. பௌத்த முறைப்படி தகனம் செய்ய வேண்டுமென்று அவருடைய மனைவி போனில் அழுதார். நான் என்ன செய்வது? அவர் அங்கே அடக்கப்பட்டார். இங்கே 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானியின் பின் எங்கள் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. 2021 பெப்ரவரி 25 வரை அது நீடித்தது, பிறகு ஓட்டமாவடி மஜ்மா நகரில் இடம் கொடுத்தார்கள். நான் சொல்லாமலே அந்த அம்மா ஒருநாள் கேட்டார், உங்கள் ஆட்களுக்கு இங்கே இப்படிச் செய்கிறார்களே என்று. இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

புள்ளிவிபரம் பார்ப்பவர்களுக்கு 2020 ஒரு விசித்திரமான வருடம். 2019இல் இரண்டு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள், 2020இல் ஏறக்குறைய 54 ஆயிரம் பேர். அதிலும் பெரும்பங்கு மார்ச்சுக்கு முன்னர் போனவர்கள். ஆனால் அவர்கள் அனுப்பிய காசு குறையவில்லை. 2019இல் 6.7 பில்லியன் டொலர், 2020இல் 7.1 பில்லியன். ஊரில் ஆள் இல்லை, கந்தோரில் தொழில் இல்லை, மத்திய வங்கியின் கணக்கில் மட்டும் ஏற்றம். காரணம் பெரிய இரகசியமல்ல. விமானமும் ஆள் நடமாட்டமும் நிற்க, உண்டியல் வழி சுருங்கி, காசு வங்கி வழியாக வந்தது. வேலையிழந்தவர்கள் கடைசிச் சேமிப்பையும் அனுப்பினார்கள். அடுத்த வருடம் அது 5.5 பில்லியனாகவும், 2022இல் 3.8 பில்லியனாகவும் விழுந்ததற்கு டொலரின் இரட்டை விலை காரணம், அது வேறு கட்டுரைக்குரியது.

2020 மே 26ஆம் திகதி கொழும்பில் ஊரடங்கு தளர்ந்தது. கந்தோரைத் திறந்தோம். அலுமாரிக்குள் கறையான் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆண்கள் பதினொரு பேர் வந்து தங்கள் கடவுச்சீட்டையும் கட்டிய காசையும் கேட்டார்கள். சீட்டுகளைக் கொடுத்தோம், காசைத் தவணையில் கொடுப்பதாக எழுதிக்கொடுத்தோம், அதில் பாதிதான் கொடுக்க முடிந்தது. பெண்கள் வரவில்லை. அவர்களுக்குப் பதில் சப் ஏஜன்டுகள் வந்தார்கள். ஒருவர் தினமும் வாசலில் வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்லமுடியாமல் மாமியார் ஊருக்கே குடிபோயிருந்தார். ஒக்டோபரில் மறுபடி எல்லாம் மூடியது.

2021 ஜனவரி 21ஆம் திகதி விமான நிலையம் திறந்தது. மெடிக்கல் புதிதாக, விசா புதிதாக, இம்முறை பீசீஆரும் சேர்த்து. பிறகு தடுப்பூசிப் பிரச்சினை. இங்கே பெரும்பாலானோருக்கு ஏற்றியது சினோஃபாம். சில வளைகுடா நாடுகள் முதலில் அதை அப்படியே ஏற்கவில்லை. வேலைக்குப் போவோருக்கு ஃபைசர் கொடுக்க ஏற்பாடு வந்தது. ஊசி ஏற்றுவதற்காகப் பெண்களை வரிசையில் கூட்டிக்கொண்டு நின்றபோது, மண்டபத்தில் அம்மைப்பால் குத்திக்கொள்ளக் கையை மடித்துக் காட்டி நின்றவர்கள் எனக்குத் தெரிந்தார்கள். பக்கத்தில் கங்காணியாக நான்.

அந்த வரிசையில் மூதூர்ப் பெண்ணும் நின்றாள். விருப்பத்தோடுதான் போகிறாயா என்று கேட்டேன். "கடலுக்குப் போன மனிசன் மீன விக்க ஏலாம ஒரு வருசம் வீட்டுல இருந்திட்டார் காக்கா. மறுகா என்ன செய்யிற?" என்றாள். அவளுடைய கடவுச்சீட்டைப் பதினேழு மாதம் பிடித்து வைத்திருந்தோம். கேட்ட அன்றே நான் கொடுத்திருந்தால் அவள் போயிருக்கமாட்டாளா, வேறு கந்தோர் வழியாகப் போயிருப்பாளா, எனக்குத் தெரியாது. சாவி என் வீட்டில் இருந்தது. அவள் விமானம் ஏறிய அன்று பேரேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'தீர்ந்தது' என்று எழுதி, சிவப்பு மையால் கோடு போட்டேன்.

கந்தோர் 2022இல் மூடப்பட்டது. நாட்டை விட்டுப் போக மூன்று இலட்சம் பேர் வரிசையில் நின்ற அதே வருடம். தொழில் செழித்தபோது எங்கள் முதலாளியிடம் உரிமத்தைப் புதுப்பிக்கக் காசில்லை.

போன வருடம் அவளிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. இரண்டு வருட ஒப்பந்தம் முடித்து வந்திருக்கிறாள், பெரியவள் சாதாரண தரம் எழுதுகிறாளாம், திரும்பவும் போக யோசிக்கிறாளாம்.

"உங்கட கந்தோர் இல்லயாமே. இப்ப ஆர்ர கந்தோர் நல்லம் காக்கா?"

எனக்குத் தெரிந்த இரண்டு பெயரைச் சொன்னேன். போகும்போது கடவுச்சீட்டின் போட்டோப் பிரதியை மட்டும் கொண்டுபோகச் சொன்னேன்.

"அப்ப ஒரிஜினல்?"

"அது உங்கட வீட்டு அலுமாரில இருக்கட்டும்."

அவள் சிரித்துவிட்டு, அங்கே அலுமாரி இல்லை, அரிசிப் பெட்டிக்குள்தான் வைக்கவேண்டும் என்றாள்.